கைப்பிடி அரிசிப் பானை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம். உங்கள் விசுவாசம் எங்கே தொடங்கியது என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். கோயிலில் (தேவாலயத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டு அடுப்படியில்தான்.

எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டு ஓரம். செக்கச் செவேலென்று மணல், பனை, உடைமரம், அவ்வளவுதான். அப்பா பனையேறி. பாளை விட ஆரம்பித்துவிட்டால் அவருக்கு ஓய்வு கிடையாது. விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை என்று முப்பது நாற்பது பனை ஏறி இறங்குவார். நெஞ்சிலும் முழங்கையிலும் மரம் உரசி உரசித் தோல் கறுத்துக் காய்த்துப் போயிருக்கும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அவர் இறக்கி வரும் பதநீரை அம்மா விடிலிக்குள், அதாவது பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசைக்குள், உட்கார்ந்து காய்ச்சுவாள். பாகு பதமாகிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக எடுக்கும்வரை அந்தப் புகையிலிருந்து எழுந்து வர முடியாது. பருவம் முடிந்தால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. மழைக்காலத்துச் சாப்பாட்டுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்குவோம். அடுத்த வருஷக் கருப்பட்டி அந்தக் கடனுக்கே போய்விடும்.

அந்த வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மண்பானை இருந்தது. உலை கொதித்ததும் அம்மா உழக்கால் அரிசி அளப்பாள். அளந்து முடித்து, முறத்தில் கிடக்கும் அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கண்ணை மூடுவாள். உதடு மட்டும் அசையும். அப்புறம் அந்த அரிசி பானைக்குள் போகும். சனிக்கிழமை சாயந்தரம் பெண்கள் சங்கத்து அக்கா ஓலைப்பெட்டியோடு வந்து, வீடு வீடாக வாங்கிக்கொண்டு கோயிலுக்குக் கொண்டுபோவார்கள்.

எனக்கு அந்தப் பானையைக் கண்டாலே ஆகாது. ரேஷன் அரிசிதான், அதுவும் ஆறு பேருக்குக் காணாது. கடைசியில் சாப்பிடுகிற அம்மாவுக்குப் பல நாள் கஞ்சித்தண்ணிதான் மிஞ்சும். ஒரு ஐப்பசி மாதம், வீட்டில் அரிசியே இல்லாமல் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுவிட்டுப் படுத்தோம். மறுநாள் அப்பா எங்கேயோ கடன் வாங்கி அரிசி கொண்டுவந்தார். அம்மா ஒரு கைப்பிடி போட்டாள். பிறகு இன்னொரு கைப்பிடி.

"எதுக்கும்மா ரெண்டு?" என்று கத்திவிட்டேன்.

"நேத்துக்கு உள்ளது பாக்கி இருக்குல்லா, ஏல?"

நேற்று நாங்கள் சோறே சாப்பிடவில்லை. அதற்கு என்ன பாக்கி? கோபத்தில் கேட்டேவிட்டேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "நேத்தும் ஒங்க அப்பா வீடு வந்து சேந்தாவல்லா."

அது எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்கள் தெருவிலேயே ஒருவர் மழையில் வழுக்கிய பனையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் கட்டிலோடு கிடந்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அதற்குப் பிறகு இரவு ஜெபத்தில் அம்மாவின் வார்த்தைகளைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். ஆண்டவரிடம் வேண்டிக் கேட்பதைவிட ஸ்தோத்திரம்தான் அதிகம். மரத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்ததற்கு ஸ்தோத்திரம். விறகு நனையாமல் இருந்ததற்கு ஸ்தோத்திரம். தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டதற்கு ஸ்தோத்திரம். 'அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே' என்று சங்கீதத்தில் வருகிறதே, அம்மாவுக்கு அது மனப்பாட வசனம் இல்லை. ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு.

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் முதலூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1799-இல் இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று குடியேறிய முதல் ஊர், அதனால் அந்தப் பெயர். அன்றிலிருந்தே தேரிக்காட்டுச் சபைகளில் பெரும்பாலும் பனையை நம்பிப் பிழைத்தவர்கள்தான். இதே தேரிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர்தான் அசரியா ஐயர். அவரும் திருநெல்வேலிச் சபையாரும் சேர்ந்து 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, ஆட்களும் நம்மவர்கள், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்று முடிவு செய்தார்கள். அவர்தான் 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். எங்கள் கோயில் போதகர் பிரசங்கத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா நிமிர்ந்து உட்காருவார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் அவர். தானும் கொடுத்தவர்களில் ஒருவன் என்கிற நிமிர்வு அது.

அசனப் பண்டிகையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். வருஷத்துக்கு ஒரு நாள் ஊர் முழுக்கக் கோயில் வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். வீட்டுக்கு வீடு அரிசி வரும். வசதியானவர்கள் ஆடு கொடுப்பார்கள். எல்லாம் ஒரே சோறு, ஒரே குழம்பு. எனக்குப் பத்து வயது இருக்கும், அந்த வருஷம் வியாபாரி வீட்டுப் பையனுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். இலையில் ஆவி பறக்கச் சோறு விழுந்தது. உற்றுப் பார்த்தேன். பலர் வீட்டு அரிசி கலந்த சோறு ஒரே மாதிரி வேகாது. சன்ன அரிசி குழைந்து கிடந்தது. அதற்கு நடுவே விறைப்பாக, தடித்தடியாக, லேசாகப் பழுப்பேறிய சோற்றுப் பருக்கைகள். ரேஷன் அரிசி. எங்கள் வீட்டு அரிசி!

அவன் இலையிலும் பார்த்தேன். அங்கேயும் இருந்தது.

தங்களிடம் கடன் பாக்கி வைத்திருக்கிறவர்கள் என்று எங்களைப் பார்க்கிற வீட்டுப் பிள்ளை, எங்கள் அம்மாவின் கைப்பிடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதில் எனக்குப் பெருமை வந்தது என்றால் சரியாக இருக்காது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சந்தோஷம். நாங்கள் வாங்குகிறவர்கள் மட்டுமில்லை என்று தெரிந்த சந்தோஷம். தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை இயேசு ஏன் சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டினார் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. குனிந்து, ஜெபம் முடிகிறவரை காத்திருந்து சாப்பிட்டேன். அதற்கு முன்னால் ஜெபம் முடிகிறவரை காத்திருந்ததே இல்லை.

அப்பா இப்போது இல்லை. மரத்திலிருந்து விழவில்லை, வயதாகிப் படுக்கையில்தான் போனார். அதற்கும் அம்மா ஸ்தோத்திரம் சொன்னாள். ஊரிலேதான் இருக்கிறாள், நான் வாங்கிக் கொடுத்த கேஸ் அடுப்பில் சமைக்கிறாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட்டுவிடப் போகிறாள்? நேற்று போனில் இந்த உரையைப் பற்றிச் சொன்னேன். அதெல்லாம் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "சங்கத்து அக்கா ரெண்டு வாரமா வரல, ஏல. பானை நிறைஞ்சு போச்சு. வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன் அம்மா. சனிக்கிழமை வருவார்கள்.