பலாலி எவ்வளவு தூரம்?

நேயர்களுக்கு வணக்கம். எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தாலும் நம்மாளுங்க முதல்ல கேக்குறது எத்தனை கிலோமீட்டர்னுதான், ஆனா விமானத்துக்கு கிலோமீட்டரை வெச்சு நேரத்தை கணக்குப் போட்டா சரியா வராதுங்க. இன்னைக்கு சென்னை மீனம்பாக்கத்தையும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தையும் வெச்சே சொல்றேன்.

நேர்கோட்டுல சுமார் 355 கிலோமீட்டர், அவ்வளவுதான். அதுவும் கிட்டத்தட்ட நேர் தெற்கு. ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகுதே, அப்போ அரை மணிதானேன்னு தோணும். டிக்கெட்டப் பாத்தா ஒன்னேகால் மணி நேரம் போட்டிருக்கும். கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையம் சென்னையில இருந்து சுமார் 645 கிலோமீட்டர், அதுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான்! தூரம் பாதிக்குக் கொஞ்சம் மேல, நேரம் மட்டும் ஒரே மாதிரி.

இந்த இடத்துல எங்க பக்கத்து வீட்டு அக்காவப் பத்தி சொல்லியே ஆகணும். யாழ்ப்பாணம் பக்கத்துல கொக்குவில்காரங்க, சென்னைக்கு வந்து பல வருஷம் ஆச்சு. பலாலிக்கு விமானம் இல்லாத காலத்துல ஊர்ல கல்யாணம்னா கொழும்புக்குப் பறந்து, அங்க இருந்து ராத்திரி பஸ் புடிச்சு, கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வரணும். "எங்கட வீட்டுக்கு மேலால போய், கொழும்பில இறங்கி, திரும்ப வாறம் தம்பி"ன்னு சொல்லுவாங்க. ஏதோ ஆதங்கத்துல சொல்றாங்கன்னு நெனைக்காதீங்க, சென்னைக்கும் கட்டுநாயக்கவுக்கும் ஒரு கோடு போட்டா நெஜமாவே யாழ்ப்பாணத்துக்கு மேலயே போகும். ஒன்னரை மணி நேரம் கூட பறக்க மாட்டாங்க, ஆனா வீட்டு வாசல்ல கால் வைக்கும்போது மறுநாள் விடிஞ்சிருக்கும், கையில சீர் சாமான் வேற. இத்தனைக்கும் 1947 டிசம்பர்ல இலங்கையோட அந்தக் கால விமான நிறுவனம் ஏர் சிலோனோட முதல் சர்வீஸே கொழும்பு பக்கத்துல ரத்மலானையில கிளம்பி, யாழ்ப்பாணத்துல இறங்கி மெட்ராஸ் வந்ததுதான். நடுவுல போர் எல்லாத்தையும் நிறுத்திடுச்சு. 2019 நவம்பர்லதான் சென்னை–பலாலி மறுபடி ஆரம்பிச்சது, அப்புறம் கொரோனாவுல நின்னு 2022 டிசம்பர்ல திரும்ப வந்தது. அந்த அக்காவுக்கு இருந்த சந்தோஷம் எனக்கும் இருந்துச்சு.

சரி, ஏன் ஒன்னேகால் மணி? பலாலி ரன்வே சின்னது, அதனால அங்க போறது புரொப்பெல்லர் வெச்ச ஏடிஆர், அது மணிக்கு 500 கிலோமீட்டர் பக்கம்தான் போகும். இன்னொன்னு, டிக்கெட்ல இருக்கிறது வானத்துல பறக்கிற நேரம் மட்டும் இல்லைங்க. நிக்கிற இடத்தை விட்டு நகர்ந்ததுல இருந்து, ரன்வேக்கு ஊர்ந்து போயி, வரிசையில நின்னு, மேல ஏறி, கீழ இறங்கி, அந்தப் பக்கம் போய் நிக்கிற வரைக்கும் எல்லாம் சேத்துதான். இந்த ஊர்ந்து போற நேரம் பக்கத்து ஊருக்கும் அதேதான், லண்டனுக்கும் அதேதான். அதான் கிட்ட இருக்கிற ஊருக்கு கணக்கு இப்படி இடிக்குது.

ரெண்டு நாட்டுக்கும் நேர வித்தியாசம் இருக்குமோங்கிற கவலை வேண்டாம், இலங்கைல 1996ல கடிகாரத்த முன்னாடி தள்ளி வெச்சாங்க, 2006ல இருந்து திரும்பவும் நம்ம நேரம்தான்.

திருச்சி–பலாலி பத்தி விரிவா பேசணும்னு வந்தேன், நேரம் முடியப்போகுதுன்னு கை காட்டுறாங்க. சுருக்கமா சொல்லிடுறேன், அது சுமார் 185 கிலோமீட்டர்தான், இருந்தும் டிக்கெட்ல கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போட்டிருக்கும், காரணம் இப்போ உங்களுக்கே தெரியும். நன்றி, வணக்கம்.