பன்னிரண்டுக்குப் பதினொன்று

நேயர்களுக்கு வணக்கம்.

2023 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவும் நியூசிலாந்தும் மோதிய றக்பி உலகக் கிண்ண இறுதியாட்டம் பாரிஸில் நடந்தது. நமக்கு இங்கே இலங்கையில் நள்ளிரவு தாண்டி அரை மணி. தூக்கம் வராமல் எழுந்து வந்த என் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு கேட்டார்: "என்ன தம்பி, பிள்ளையள் முன்னுக்கு ஓடுதுகள், பந்தை மட்டும் பின்னுக்கு எறியுதுகள்?"

பெரியம்மா கேட்டதுதான் முதல் விதி. றக்பியில் கையால் பந்தை முன்னே எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். முன்னே கொண்டுபோக வேண்டுமென்றால் பந்தை அணைத்துக்கொண்டு ஓட வேண்டும், இல்லாவிட்டால் உதைக்க வேண்டும். ஆகவே பந்து வைத்திருப்பவர்தான் அணியின் முன்முனை. மற்றவர்கள் அவருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரிந்து ஓடி வருவார்கள்.

கை தவறிப் பந்து முன்னே விழுந்தாலும் பிழைதான். அதற்கு 'நொக் ஒன்' என்று பெயர். அன்றைய ஆட்டத்தில் நியூசிலாந்து ஒரு ட்ரை வைத்துத் துள்ளிக் குதித்தது. காணொளியைத் திருப்பிப் பார்த்தார்கள். அதற்குச் சற்று முன்பு, எல்லைக்கோட்டருகே பந்துக்காக எம்பியபோது அவர்கள் கையில் பட்டுப் பந்து முன்னே போயிருந்தது. ட்ரை செல்லாது என்றார் நடுவர்.

சரி, ட்ரை என்றால் என்ன? எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி வைப்பது. தாண்டினால் மட்டும் போதாது, பந்து தரையில் பட வேண்டும். அதற்கு 5 புள்ளி. அப்புறம் 'கன்வெர்ஷன்' உதை. எச் எழுத்துப் போல நிற்கும் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலாகப் பந்தை அனுப்பினால் இன்னும் 2. பந்தை எந்த இடத்தில் வைத்தார்களோ அதற்கு நேர் பின்னாலிருந்துதான் உதைக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் கோணம் கடினம். கோட்டைத் தாண்டிய பிறகும் சிலர் கம்பத்தை நோக்கி ஓடுவது அதனால்தான். ஒரு வேடிக்கை: 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆட்டங்களில் ட்ரைக்குப் புள்ளியே கிடையாது. கம்பத்துக்கு உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு மட்டுமே கிடைக்கும். 'ட்ரை' என்ற பெயரே அங்கிருந்து வந்தது.

எதிரணி பெரிய தவறு செய்தால் பெனல்டி. அதைக் கம்பத்துக்கு உதைத்து உள்ளே போட்டால் 3 புள்ளி. ஓடுகிறபோதே பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைக்கும் டிரொப் கோலுக்கும் 3தான்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் தடுமாறுகிற இடம் அந்த மனிதக் குவியல். கபடி பார்த்தவர்களுக்குப் பிடிப்பது புதிதல்ல. பாடி வருகிறவனை விடாமல் அமுக்க வேண்டும் என்பது கபடி. றக்பியில் அப்படியில்லை. பந்து வைத்திருப்பவரை மட்டுமே பிடிக்கலாம், அதுவும் தோளுக்குக் கீழே. ஆளைச் சாய்த்ததும் பிடித்தவர் விட்டுவிட வேண்டும். விழுந்தவரும் பந்தை விட்டுவிட வேண்டும். அதற்குள் இரு அணியினரும் ஓடி வந்து, நின்றபடியே பந்துக்கு மேலாகத் தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். இது 'றக்'. இதில் கையால் பந்தைத் தோண்டக் கூடாது, பக்கத்திலிருந்து நுழையக் கூடாது, பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். பெனல்டிகளில் கணிசமானவை இந்த இரண்டு மூன்று விநாடிக்குள் பிறப்பவை. விழுந்தவர் ஆசையில் பந்தைக் கட்டிக்கொண்டு கிடந்தால் விசில்தான்.

ஸ்கிரம் வேறு. நொக் ஒன் மாதிரிச் சின்னப் பிழைக்குப் பிறகு ஆட்டத்தை மறுபடி தொடங்கும் முறை அது. ஓர் அணியில் 15 பேர்; அதில் 8 பேர் பிணைந்து குனிந்து எதிரணியின் 8 பேரோடு முட்டித் தள்ளுவார்கள்.

ஆபத்தான ஆட்டத்துக்கு அட்டை உண்டு. மஞ்சள் என்றால் 10 நிமிடம் வெளியே. அந்த இறுதியாட்டத்தில் நியூசிலாந்துத் தலைவர் சாம் கேனின் தோள் எதிராளியின் தலையில் மோதியது. முதலில் மஞ்சள், மீளாய்வு செய்து சிவப்பாக்கினார்கள். முதல் பாதியிலேயே தலைவரை இழந்து, மீதி நேரமெல்லாம் ஓர் ஆள் குறைவு.

இனி அந்தப் பன்னிரண்டுக்குப் பதினொன்று கணக்கைப் பார்ப்போம். தென்னாபிரிக்கா ஒரு ட்ரைகூட வைக்கவில்லை. ஹண்ட்ரே பொலார்ட் உதைத்த பெனல்டிகள் நான்கு, நான்கு மூன்று பன்னிரண்டு. நியூசிலாந்து இரண்டு பெனல்டி, ஆறு. இரண்டாம் பாதியில் போடன் பாரெட் இடது ஓரத்தில் ஒரு ட்ரை, பதினொன்று. பந்தை வைத்தது ஓரத்தில் அல்லவா? கன்வெர்ஷன் உதை விலகிப் போனது. பெரியம்மா, "நடுவிலை கொண்டுபோய் வைச்சிருக்கலாமே!" என்றார். அரை மணி நேரத்துக்கு முன்புதான் ஆட்டமே தெரியாது என்றவர்.

நம் நாட்டில் றகர் என்றால்தான் பலருக்கும் விளங்கும். தோட்டத் துரைமார் காலத்தில் வந்த ஆட்டம். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிரட்பி கேடயத்துக்காக மோதுகின்றன. கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள்; இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம். முதல் ஆட்டத்தில் தோற்ற அணியும் அடுத்ததில் பெரிதாக வென்று கேடயத்தைத் தூக்கலாம்.

மைதானத்துக்குப் போனால் ஒன்று கவனியுங்கள். 80 நிமிடம் முடிந்து மணி அடித்தாலும் ஆட்டம் நிற்காது. பந்து வெளியே போகிற வரைக்கும், அல்லது நொக் ஒன் மாதிரிச் சின்னப் பிழை நடக்கிற வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். மணி கேட்டதும் வாகனத்தை எடுக்க எழுந்து விடாதீர்கள்.

வணக்கம்.