போலோனி செய்தியில் படிக்கும் ஆங்கிலம்: நோய்ப் பரவல் காலத்துச் சொற்கள்

(திரையில்: டர்பன் கடை வாசலில் அடுக்கி வைத்த ஆங்கிலச் செய்தித்தாள்கள்)

வணக்கம். சென்னை, திருச்சி, யாழ்ப்பாணம் என்று பல ஊர்களிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்தவர்களுக்கும், அவர்களோடு வந்த அம்மா, மாமியார், மனைவிமாருக்கும் இந்த வீடியோ. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுப் பேச்சே ஆங்கிலம் ஆகிவிட்டது. அவர்களுக்கு இது தேவைப்படாது.

கடையிலும் பஸ்ஸிலும் பேசும் ஆங்கிலம் சீக்கிரம் பழகிவிடும். செய்தித்தாள் ஆங்கிலம் அப்படிப் பழகுவதில்லை. ஒரு நோய் பரவும் நேரத்தில் செய்தி அரைகுறையாகப் புரிந்தால், வாட்ஸப்பில் வருவதை எல்லாம் நம்பிப் பயப்படுவோம். இல்லையென்றால், கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய நான் சொல்லமாட்டேன். ஒரே ஒரு நோய்ப் பரவலை எடுத்துக்கொண்டு, முதல் செய்தியிலிருந்து கடைசிச் செய்தி வரை தொடர்ந்து படியுங்கள். அதே சொற்கள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு இடத்தில் வந்து நிற்கும். அப்படிப் படித்த சொல் மறக்காது.

நான் தேர்ந்தெடுத்திருப்பது 2017-18ல் இங்கே பரவிய லிஸ்டீரியோசிஸ், உணவு வழியாக வரும் ஒரு பாக்டீரியாத் தொற்று. உலகத்தில் இதுவரை பதிவான லிஸ்டீரியோசிஸ் பரவல்களில் இதுதான் மிகப் பெரியது.

(திரையில்: 2017 ஜூலை)

2017 நடுவில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்துப் பெரிய மருத்துவமனைகளில், பிறந்த குழந்தைகளைக் கவனிக்கும் டாக்டர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். வழக்கத்தைவிட அதிகமான சிசுக்களுக்கு இந்தத் தொற்று இருந்தது. தேசிய தொற்றுநோய் நிறுவனமான என்ஐசிடிக்குத் தகவல் போனது. இந்தக் கட்டத்துச் செய்திகளில் வரும் சொல் 'க்ளஸ்டர்'. ஒரே காலத்தில், ஒரே பகுதியில், சில பேருக்குச் சேர்ந்தாற்போல் நோய் வந்திருக்கிறது, காரணம் இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். வழக்கமாக வரும் எண்ணிக்கையைத் தாண்டிப் போய்விட்டது என்று உறுதியானதும் அது 'அவுட்பிரேக்'. 2017 டிசம்பர் 5 அன்று சுகாதார அமைச்சர் ஆரன் மொட்சோஅலெடி அதை அறிவித்தார். 'டிக்ளேர்ட் அன் அவுட்பிரேக்' என்று பத்திரிகைகள் எழுதும். இந்த 'டிக்ளேர்ட்' என்ற வினையைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியிலும் வரும்.

அதே மாதம் இந்த நோய் 'நோட்டிஃபையபிள்' ஆனது. நோயாளியைப் பார்த்த டாக்டர் அரசுக்குக் கட்டாயம் தெரிவித்தாக வேண்டும் என்று பொருள். 'நோட்டிஃபிகேஷன்' என்றவுடன் நமக்குக் கைபேசிதான் ஞாபகத்துக்கு வரும். செய்தியில் இது சட்டச் சொல்.

(திரையில்: எண்கள்)

எண்கள் வரும் இடத்தில் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும், இங்கேதான் பலருக்கும் குழப்பம். 'சஸ்பெக்டட் கேஸ்' என்றால் அறிகுறி இருக்கிறது, சந்தேகப்படுகிறார்கள். 'லேபரட்டரி-கன்ஃபர்ம்ட் கேஸ்' என்றால் பரிசோதனைக்கூடம் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டது. இரண்டு எண்ணையும் ஒன்றாகக் கூட்டி அனுப்பும் ஃபார்வர்டை நம்பாதீர்கள். எண்ணுக்கு முன்னால் 'அஸ் ஆஃப்' என்று ஒரு தேதி வரும். அந்தத் தேதிவரைக்கான கணக்கு அது, நேற்று மட்டும் வந்த நோயாளிகள் அல்ல.

'டெத் டோல்' என்பது இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கை. ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் காசு கட்டுகிறோமே, அந்த 'டோல்' எழுத்துதான், பொருள் வேறு. தலைப்பில் 'டோல் ரைசஸ்' என்று நிகழ்காலத்தில் இருக்கும், நடந்து முடிந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத் தலைப்புகளுக்கு அதுதான் வழக்கம்.

அப்புறம் 'கேஸ் ஃபேட்டாலிட்டி ரேட்'. நோய் வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற விகிதம். என்ஐசிடியின் இறுதிக் கணக்கில் உறுதியான நோயாளிகள் 1,060 பேர், இறந்தவர்கள் 216 பேர். வகுத்துப் பார்த்தால் சுமார் 20 சதவீதம். ஆனால் அவர்கள் வெளியிட்ட விகிதம் 26.8. காரணம், 806 பேருக்கு மட்டுமே முடிவு தெரிந்தது. மற்றவர்கள் பிழைத்தார்களா என்ற விவரம் கிடைக்கவில்லை. 216ஐ 806ஆல் வகுத்தார்கள். செய்தியில் 'வித் நோன் அவுட்கம்' என்று மூன்றே சொல் இருக்கும், நம் கண் அதைத் தாண்டிப் போய்விடும். இந்தப் பாடத்தில் ஒரே ஒரு சொற்றொடரைத்தான் எழுதி வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எழுதி வையுங்கள்.

யார் பாதிக்கப்பட்டார்கள்? 'நியோனேட்ஸ்' என்று திரும்பத் திரும்ப வரும். பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைகள். நோயாளிகளில் 42 சதவீதம் அவர்கள்தான். படிக்கவே மனசு கனக்கும். தாயின் வயிற்றிலேயே கிருமி குழந்தைக்குப் போய்விடுகிறது, தாய்க்கு லேசான காய்ச்சல் மட்டும் இருந்திருக்கலாம். அடுத்த சொல் 'இம்யூனோகாம்ப்ரமைஸ்ட்', நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள். எச்ஐவி உள்ளவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் எல்லாம் இதில் அடக்கம்.

(திரையில்: 2018 ஜனவரி, சொவெட்டோ)

இனி துப்பறியும் பகுதி. 'இன்குபேஷன் பீரியட்' என்றால் கிருமி உடலுக்குள் போனதிலிருந்து அறிகுறி தெரியும் வரை உள்ள காலம். லிஸ்டீரியோசிஸுக்கு இது 70 நாள் வரை போகலாம். எழுபது நாளைக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? அதனால்தான் இத்தனை மாதம் ஆனது.

ஜனவரியில் சொவெட்டோவில் ஒரு க்ரெஷிலிருந்து, அதாவது குழந்தைகள் காப்பகத்திலிருந்து, ஐந்து வயதுக்குட்பட்ட ஒன்பது குழந்தைகள் காய்ச்சல், வயிற்றுப்போக்கோடு க்ரிஸ் ஹானி பாரக்வநாத் மருத்துவமனைக்கு வந்தார்கள். டாக்டர் உணவைச் சந்தேகப்பட்டார். சுகாதார ஆய்வாளர்கள் காப்பகத்துக்கே போய்ப் பார்த்தபோது அங்கே போலோனி இருந்தது. இங்கே மலிவாகக் கிடைக்கும், ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடும், இளஞ்சிவப்பு இறைச்சி உருளைதான் போலோனி. பள்ளிக்கூட டிபனில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

அங்கிருந்து தேடிப் போய் போலோக்வானேயில் உள்ள என்டர்பிரைஸ் ஃபுட்ஸ் தொழிற்சாலையில், நோயாளிகளிடம் இருந்த அதே வகைக் கிருமி கிடைத்தது. 2018 மார்ச் 4 அன்று அமைச்சர் இதை அறிவித்தார். இந்த இடத்தில் மூன்று சொல்லைப் பிரித்துப் படியுங்கள். 'காஸ்', அதாவது காரணம், என்பது நோயை உண்டாக்கும் பாக்டீரியா. 'சோர்ஸ்' என்பது அது கிளம்பிய இடம், இங்கே தொழிற்சாலை. 'ஸ்ட்ரெய்ன்' என்பது கிருமிக்குள்ளேயே ஒரு வகை, இங்கே எஸ்டி6. கிருமியின் மரபணுவை முழுவதும் படித்து, நோயாளிகளிடம் எடுத்த கிருமியோடு ஒப்பிட்டார்கள். சோதிக்கப்பட்டவற்றில் பத்துக்கு ஒன்பது எஸ்டி6.

இந்தக் கிருமிக்குப் பெயர் வந்ததிலும் இந்த நாட்டுக்குப் பங்கு உண்டு. 1927ல் ஜோகன்னஸ்பர்க் ஆய்வாளர் ஹார்வி பிரி இதைக் காட்டு எலிகளில் கண்டார். ஜோசப் லிஸ்டர் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரின் நினைவாக அவர் வைத்த பெயர்தான் பிறகு லிஸ்டீரியா ஆனது.

(திரையில்: காலியான கடை அலமாரி)

மார்ச் மாதச் செய்தி முழுக்க 'ரீகால்'. பள்ளியில் இதை 'ஞாபகப்படுத்திக்கொள்' என்று படித்திருப்போம். இங்கே, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவது. 'பேன்' வேறு. அது தடை. மொசாம்பிக், நமீபியா போன்ற பக்கத்து நாடுகள் இறக்குமதிக்குப் போட்டது பேன். கடைகள் அலமாரியைக் காலி செய்ததும், வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்ததும் ரீகால். 'ரெடி-டு-ஈட்' என்றால் சமைக்காமல் அப்படியே சாப்பிடுவது, ஆபத்தே அதில்தான் இருந்தது. நன்றாகச் சூடாக்கினால் இந்தக் கிருமி செத்துவிடும், ஃப்ரிட்ஜ் குளிரிலோ மெதுவாக வளரும்.

'நாங்கள் புரட்டாசியில் கறியே தொடமாட்டோம், நமக்கென்ன' என்று நினைப்பவர்கள் 'க்ராஸ்-கன்டாமினேஷன்' என்ற சொல்லைப் படியுங்கள். போலோனி வெட்டிய அதே இயந்திரத்தில் சீஸை வெட்டினால், கிருமி சீஸுக்கும் வரும். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் தட்டிலும், ஒரே கத்தியிலும் இதுவே நடக்கும்.

பொறுப்பு யாருடையது என்ற செய்தி வந்தால் வினைச்சொல்லைப் பாருங்கள். 'லிங்க்ட் டு' என்றால் தொடர்பு இருக்கிறது. 'காஸ்ட் பை' என்றால் அதனால்தான் நடந்தது. 'அலெஜ்ட்லி' என்றால் குற்றச்சாட்டு மட்டும். என்டர்பிரைஸின் தாய் நிறுவனமான டைகர் பிராண்ட்ஸ், இறப்புகளுக்கும் தங்கள் பொருளுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக இதுவரை தெரியவில்லை என்று அப்போது சொன்னது. அந்த 'டைரக்ட்' என்ற ஒரு சொல்லைச் சுற்றியே வாதம் போனது. 2018 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 'க்ளாஸ் ஆக்ஷன்' வழக்குக்கு அனுமதி கொடுத்தது. பாதிக்கப்பட்ட பலர் சேர்ந்து தொடுக்கும் ஒரே வழக்கு அது.

படிக்கும் முறை சுலபம். டிசம்பர் 2017, மார்ச் 2018, செப்டம்பர் 2018, மூன்று மாதத்திலும் ஒரு செய்தியைத் தேடி எடுங்கள். முதல் முறை அகராதி இல்லாமல் வாசியுங்கள். இரண்டாவது முறை எண்ணையும் அதற்கு முன்பின் உள்ள சொற்களையும் மட்டும் கோடிடுங்கள். மூன்றாவது முறை சத்தமாக. சொல்லைத் தனியாக எழுதாமல் வாக்கியத்தோடு எழுதி வையுங்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், உச்சரிப்பை அவர்கள் திருத்துவார்கள்.

(திரையில்: 2018 செப்டம்பர் 3)

அன்று வந்த தலைப்பில் 'டிக்ளேர்ட் ஓவர்' இருந்தது. பரவல் முடிந்தது என்று பொருள், நோயே ஒழிந்தது என்று இல்லை. அதற்குப் பிறகும் அங்கொன்று இங்கொன்றாக வருவதற்கு 'ஸ்பொராடிக் கேஸ்' என்று பெயர். அந்தச் சொல்லை அடுத்த முறை செய்தியில் பார்த்தால், அவுட்பிரேக் என்று நினைத்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் போலோனியையும், வியன்னா என்ற இறைச்சிச் சாசேஜையும் நன்றாகச் சூடாக்காமல் கொடுக்காதீர்கள்.