முதலில் தரை

சகோதர சகோதரிகளே, வெளிநாட்டு ஏழைகளுக்கு வீடு கட்டப் போகும் கிறிஸ்தவத் தொண்டர்கள் என்றதும் எனக்கு மில்லர்ட் ஃபுல்லர்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் இளம் வயதிலேயே கோடீஸ்வரர் ஆனவர். சொத்தைக் கொடுத்துவிட்டு மனைவி லிண்டாவோடு ஜார்ஜியா மாநிலத்தில் கிறிஸ்தவர்கள் கூடி வாழ்ந்த கொய்னோனியா பண்ணைக்குப் போனார். 1973இல் அன்றைய ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ம்பண்டாகா நகருக்குக் குடும்பத்தோடு போய் வீடு கட்டினார். திரும்பி வந்து 1976இல் ஏழைகளுக்கு வீடு கட்ட உதவும் ஹேபிடட் ஃபார் ஹ்யுமானிட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்.

அவர் வீட்டைத் தானமாகக் கொடுக்கவில்லை. குடும்பமும் கூட நின்று வேலை செய்யும், செலவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டும். லாபம் கிடையாது, வட்டி கிடையாது. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்று வேதாகமத்தின் யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் சொல்வதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். திரும்பி வந்த பணத்தில் அடுத்த வீடு எழும்பியது.

சரி, அந்தத் தவணையும் கட்ட வழியில்லாத குடும்பத்தை என்ன செய்வது? மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களில் இன்னும் வீட்டுக்குள்ளேயே மூன்று கல் வைத்து விறகு எரிக்கிறார்கள். கூரையெல்லாம் கரி. மண் தரையில் தவழும் குழந்தை, கீழே விழுந்த சோள ரொட்டியை எடுத்து அப்படியே வாயில் வைக்கும். புழு முட்டையும் கூடவே வயிற்றுக்குள் போகும். அங்கே ஹேபிடட் புகைபோக்கி வைத்த அடுப்பு, கழிப்பறை, தண்ணீர் வடிகட்டி என்று சின்னச் சின்னதாகவும் செய்து கொடுக்கிறது.

இதைச் சின்ன உதவி என்று நினைக்காதீர்கள். பக்கத்து மெக்ஸிகோவில் 2000இல் கோவாவிலா மாநில அரசு மண் தரை வீடுகளுக்கு சிமென்ட் தரை போட்டுக் கொடுக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த ஆய்வு, மண் தரை முழுவதும் சிமென்ட் ஆனால் சிறு குழந்தைகளின் குடற்புழுத் தொல்லை 78 சதவீதமும் ரத்தசோகை 81 சதவீதமும் குறையும் என்று கணக்கிட்டது. எந்த மருந்தும் கொடுக்கவில்லை, வெறும் தரை!

அதனால் இப்படி வீடு கட்ட வெளிநாடு போகும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். போன இடத்தில் "புது வீடு இல்லை, தரைதான் போடணும்" என்றால் முகம் சுளிக்காதீர்கள். கொத்தனார் அந்த ஊர்க்காரராக இருக்கட்டும். ஜல்லி சுமப்பதும் கலவை போடுவதும் உங்கள் வேலை. அடுப்பு என்றால், எவ்வளவு உயரம் வேண்டும் என்று அந்த வீட்டு அம்மாவிடமே கேளுங்கள். தினமும் அங்கே நிற்கப்போவது அவர்தானே.

அப்புறம் ஒன்று. போட்ட தரையை ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி நனைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். தண்ணீரை எவ்வளவு தூரத்திலிருந்து சுமக்கிறார்கள் என்று முதல் நாளே விசாரியுங்கள். தூரம் என்றால், கிளம்புவதற்கு முன்னால் பீப்பாய்களை நிரப்பி வைத்துவிட்டு வாருங்கள்.