பீரங்கியா? பேரமா?

நடுவர் ஐயா அவர்களே, கைதட்டலையெல்லாம் மொத்தமாக வாரிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, இந்த மழையிலும் போர்ட் லூயிக்கு வந்து சேர்ந்த பெரியோர்களே, வணக்கம்.

‘ஸ்டார் வார்ஸ்’ படத்துப் பேரரசு தான் பிடித்த உலகங்களைக் கட்டி ஆள முடிந்தது பீரங்கியாலா, பேரத்தாலா? பீரங்கிதான் என்று அண்ணன் அடித்துப் பேசினார். ஒரு கோளையே பொசுக்கிய டெத் ஸ்டார் என்ற ராட்சத விண்வெளிக் கோட்டையைக் காட்டி, “இதைப் பார்த்த பிறகு எவன் வாலாட்டுவான்?” என்று கேட்டார். அண்ணே, அதே 1977 படத்தில், அதே டெத் ஸ்டாரை ஒரு பண்ணைக்காரப் பையன் வந்து வெடிக்க வைத்துவிட்டுப் போனானே! அதற்குப் பெயர் வாலாட்டுவது இல்லையா?

அதற்கு முன் ஒரு காட்சி உண்டு. பாப்கார்ன் வாங்கப் போனவர்கள் தவறவிட்டிருப்பீர்கள். உலகங்களின் பிரதிநிதிகள் கூடிப் பேசும் செனட்டைக் கலைத்தாகிவிட்டது, இனி ஆளுநர்களே நேரடியாக ஆள்வார்கள் என்று பேரரசின் ஆளுநர் டார்க்கின் அறிவிக்கிறார். உடனே ஒரு தளபதி, நிர்வாகம் இல்லாமல் சக்கரவர்த்தி எப்படிப் பிடியை வைத்திருப்பார் என்று கேட்கிறார். பயம் பார்த்துக்கொள்ளும் என்று பதில் வருகிறது. கேட்டவர் கலகக்காரர் அல்ல, பேரரசின் சொந்தத் தளபதி! அதுவரை வண்டி எதனால் ஓடியது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, பேரத்தால் ஓடும் ஆட்சி எப்படி இருக்கும்? வெளியே போய்த் தேட வேண்டாம். 1810 டிசம்பரில் ஆங்கிலேயர் இந்த மொரீஷியஸ் தீவைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். தோற்றவரின் மதம், சட்டம், பழக்க வழக்கம் எதிலும் கைவைக்க மாட்டோம் என்று சரணாகதி உடன்படிக்கையிலேயே எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் படைவீரர்களைச் சிறைபிடிக்காமல் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். தோட்ட முதலாளிகள் தோட்டத்திலேயே இருந்தார்கள். 1835இல் அடிமை முறையை ஒழித்தபோது இழப்பீடு யாருக்குப் போனது? உழைத்தவர்களுக்கு ஒரு காசு இல்லை, முதலாளிகளுக்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல்! 1968 வரை ஆங்கிலேயர் கொடி பறந்த ஊரில் இன்றைக்கும் சிவில் வழக்குக்குப் பிரெஞ்சுச் சட்டம்தான் அடிப்படை. வென்றவர் யார், தோற்றவர் யார் என்று எனக்கே சில சமயம் குழம்பிவிடும்.

பேரம் என்றால் பெருந்தன்மை என்று நான் சொல்ல வரவில்லை. முதலாளியோடு பேசிய அந்தப் பேரத்தில் கைமாறிய சரக்கு, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த நம் பாட்டன் பூட்டன். 1867 சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர்கூடப் புகைப்படம் ஒட்டிய டிக்கெட் என்ற அடையாளச் சீட்டை மடியில் முடிந்துகொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும். இல்லையென்றால் நாடோடி என்று பிடித்து உள்ளே தள்ளினார்கள். தோட்டத்தில் இருப்பவர் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்துக் காப்பகத்தில் அந்தப் புகைப்படங்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். இதற்கெல்லாம் பீரங்கி எதற்கு? ஒரு காகிதம், ஒரு கான்ஸ்டபிள், கூலிகளை மேய்க்க ஒரு சிர்தார் போதுமே!

அப்புறம் அண்ணன் லாண்டோவை இழுத்தார். 1980 படத்தில் மேகங்களுக்கு நடுவே ஒரு நகரத்தை நிர்வகிப்பவர். நண்பனைப் பிடித்துக்கொடுத்தால் நகரத்தில் தலையிட மாட்டோம் என்பது பேரரசு அவரோடு போட்ட பேரம். பேரரசின் வலது கையான டார்த் வேடர் வார்த்தை மாறி, காவல் படையையும் அங்கேயே நிறுத்த வேண்டிவரும் என்று மிரட்டினார். “பார்த்தீர்களா, பேரமாவது மண்ணாவது!” என்றார் அண்ணன். அடுத்த படத்தை அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது. 1983இல் வந்த அதில் இரண்டாவது டெத் ஸ்டாருக்குள் விண்கலத்தோடு புகுந்து அதைத் தகர்த்தவர் யார்? அதே லாண்டோ! சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அவரைத் தன் பாட்டுக்கு வியாபாரம் பார்க்க விட்டிருந்தால், அவர் அந்த விண்கலத்தில் ஏறியிருப்பாரா? அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கை முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் பீரங்கியைத் தூக்கட்டும்.