கணினிக்கு இரண்டு நாற்காலி

அவைக்கு என் வணக்கம்.

நூலகர்கள், ஆசிரியர்கள், தன்னார்வலர்கள் என்று பொதுக் கணினி அறையோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவர்கள் கூடியிருக்கிறீர்கள். கணினியின் பெருமையை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மேசைக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஓர் அம்மா, வாழ்க்கையில் முதல் தடவையாக மவுஸைப் பிடித்திருக்கிறார். கண் கைக்கும் திரைக்கும் மாறி மாறி ஓடுகிறது. மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. திரையில் அம்புக்குறி இன்னும் பொத்தானைத் தொடவில்லை. அதற்கு மேல் எங்கே நகர்த்துவது? கீழே விழுந்துவிடப் போகிறதே என்று அங்கேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறார். மவுஸைத் தூக்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம், தூக்கும்போது அம்பு நகராது என்பது நமக்குத் தெரியும். அதை எப்போது கற்றோம் என்பதுதான் மறந்துபோயிற்று. அடுத்து இரட்டைச் சொடுக்கு. முதல் சொடுக்குக்கும் இரண்டாவதற்கும் இடையில் கை மயிரிழை நகர்ந்துவிடுகிறது. கோப்புறை திறப்பதற்குப் பதிலாக இழுபட்டு இன்னோர் இடத்தில் போய் உட்காருகிறது. உடனே அவர் கேட்கிறார்: "ஐயோ, நான் கெடுத்துவிட்டேனா?"

பதினைந்து ஆண்டுகள் இப்படிப்பட்ட அறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். இந்தக் கேள்விக்குக் கணினி பதில் சொல்லாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். "ஒன்றும் கெடவில்லை அம்மா, இன்னொரு தரம் செய்து பாருங்கள்." நான் இன்று வாதாட வந்திருப்பது அந்த நாற்காலிக்காகத்தான்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். வருமானம் மிகக் குறைந்த நாடுகளில் நூற்றுக்கு 27 பேர்தான் இணையத்தைப் பயன்படுத்தினார்கள். இந்த எண்களைப் பார்த்ததும் ஆட்சியில் இருப்பவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் முதலில் தோன்றுவது, கணினிகளை வாங்கி அனுப்புவோம் என்பதுதான். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வழியில் நெடுந்தூரம் போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதையும் கேட்டுக்கொள்வோம்.

1999இல் புது தில்லியின் கால்காஜியில், ஒரு நிறுவனத்தின் சுற்றுச்சுவரைத் துளைத்துக் கணினி ஒன்றை வைத்தார் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா. சுவருக்கு மறுபக்கம் குடிசைப் பகுதி. கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. பிள்ளைகள் தாங்களாகவே தட்டித் தடவிச் சொடுக்கவும் உலாவவும் கற்றுக்கொண்டார்கள். உலகமே வியந்தது. வியக்க வேண்டியதுதான், குழந்தைகளின் ஆர்வத்துக்கு அணை கிடையாது. ஆனால் இதைப் பின்பற்றி தில்லியில் அமைக்கப்பட்ட கணினிக் கூடம் ஒன்றை நேரில் பார்த்த மார்க் வார்ஷாயர் என்ற ஆய்வாளர் வேறு காட்சியையும் எழுதினார். இணைய இணைப்பு பெரும்பாலும் வேலை செய்யவில்லை. இந்தியில் படிக்க அதிகம் இல்லை. பிள்ளைகள் படம் வரைந்தும் விளையாடியும் பொழுதைக் கழித்தார்கள். விளையாடட்டும், அது தவறில்லை. ஆனால் அதற்கு அடுத்த படியைக் காட்ட அங்கே ஒருவரும் இல்லை.

அடுத்தது பெரு நாடு. குழந்தைக்கு ஒரு மடிக்கணினி, விலை 100 டாலர் என்ற கனவை 2005இல் அமெரிக்கக் கணினியியலாளர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே அறிவித்தார். 100 டாலருக்கு அது கிடைக்கவே இல்லை. 2007இல் உற்பத்தி தொடங்கியபோது 190 டாலரை ஒட்டி நின்றது. ஆனாலும் பெரு அரசு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கி, மலைக்கிராமங்கள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மாணவர்களின் தேர்ச்சி உயர்ந்ததாகத் தெரியவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் சிறிது முன்னேற்றம் தென்பட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெட்டி வந்து சேர்ந்தது. அதை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் போதவில்லை.

இப்போது கடலோரத்துக்கு வாருங்கள். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு கிடைத்தது. அதை மையத்தில் எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கச் செய்தார்கள். வலை சீர் செய்துகொண்டிருந்த மீனவருக்குக் கணினியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. செய்தி காதுக்கு வந்தது. கணினிக்கும் ஊருக்கும் நடுவே நின்றவர் உள்ளூர்த் தன்னார்வலர். 2004 டிசம்பர் 26 அன்று, அதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்துக்கு வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் ஆழிப்பேரலை எச்சரிக்கை வந்தபோது, மையத்தின் அந்த ஒலிபெருக்கியில்தான் அதை அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் அது. வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் தப்பினார்கள். இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் தொண்டை அடைத்துக்கொள்கிறது, மன்னியுங்கள்.

கேரளத்தில் 2002இல் மலப்புரம் மாவட்டத்தில் அட்சயா திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவருக்காவது கணினிப் பயிற்சி என்பது இலக்கு. அந்தப் பாதையில் நடந்து, 2025 ஆகஸ்டில் கேரளம் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தது. கணக்கெடுத்துக் கண்டறிந்த ஏறத்தாழ 22 லட்சம் பேருக்குப் பயிற்சி தந்ததாகச் சொல்கிறார்கள். பயிற்சி பெற்றவர்களில் நூறு வயதைக் கடந்தவர்களும் உண்டு. என்னைக் கவர்ந்தது வேறொரு எண்: இந்த வேலையில் இறங்கிய தன்னார்வலர்கள் இரண்டரை லட்சம் பேருக்கும் மேல்! அவ்வளவு பக்கத்து நாற்காலிகள்.

வங்கதேசம் 2010 நவம்பரில் நாடெங்கும் 4,500 ஒன்றியங்களில், அதாவது கிராம அளவிலான உள்ளாட்சிப் பகுதிகளில், தகவல் மையங்களைத் திறந்தது. ஒவ்வொரு மையத்தையும் நடத்த இருவர். ஓர் ஆண், ஒரு பெண். பெண் உட்கார்ந்திருக்கும் மையத்துக்குத்தான் பெண்கள் தயங்காமல் வருவார்கள் என்ற எளிய உண்மையை முதல் நாளே திட்டத்தில் எழுதி வைத்தார்கள். எல்லா மையங்களிலும் அது அப்படியே நிலைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதி வைத்தது சரி. நான் பணியாற்றிய ஓர் இடத்தில் கணினி அறையை மாடியில், இளைஞர்கள் கூடும் கூடத்தைத் தாண்டி அமைத்திருந்தார்கள். ஓராண்டில் படியேறி வந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாசலுக்கு அருகே இருந்த அறைக்குக் கணினிகளை மாற்றினோம். அதற்கு ஒரு மேசை, நான்கு ஆட்கள், ஒரு மதிய நேரம் செலவாயிற்று. அடுத்த வாரமே தாய்மார்கள் வந்தார்கள்.

எல்லோர் கையிலும்தான் கைபேசி இருக்கிறதே, பொதுக் கணினி எதற்கு என்று கேட்கிறார்கள். கேட்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: கைபேசியில் வேலைக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறீர்களா? எட்டுப் பக்கப் படிவம். சான்றிதழைக் குறிப்பிட்ட அளவுக்குள் சுருக்கிப் பதிவேற்ற வேண்டும். பாதியில் அழைப்பு வந்தால் பக்கம் கலைந்துவிடும். வீட்டுக்கு ஒரே கைபேசி என்றால் அது வேலைக்குப் போகிறவர் சட்டைப்பையில் இருக்கும். இங்கே கணினி அறையில் படிவத்தை நிரப்பி முடித்து "கடவு எண் அனுப்பியிருக்கிறோம்" என்று திரை சொல்லும்போது, அந்த எண் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் மகனின் கைபேசியில் விழுந்திருக்கும். மகனை அழைத்து, அவர் எடுத்து, எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. படிவம் நிரப்ப வந்தவரோ அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்.

பக்கத்து நாற்காலியில் யார் உட்காரலாம்? கணினியில் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது. கெட்டிக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. மவுஸைப் பிடுங்கி, நான்கு சொடுக்கில் வேலையை முடித்துத் தந்துவிடுவார்கள். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அடுத்த மாதம் அதே வேலைக்கு மறுபடி வருவார். எங்கள் அறையில் ஒரு விதி வைத்திருந்தோம்: உதவியாளர் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். விரலால் திரையைக் காட்டலாம், மவுஸைத் தொடக் கூடாது. முதல் வாரம் உதவியாளர்களுக்குத்தான் தாங்கவில்லை. ஒரு பெயரைத் தட்டெழுத ஒருவர் ஆறு நிமிடம் எடுத்துக்கொள்வதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய தவம். ஆனால் தன் பெயர் தன் மொழி எழுத்தில், தன் விரலால் திரையில் வந்து நிற்பதைப் பார்க்கிறவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த ஆறு நிமிடம் பெரிதாகத் தெரியாது.

உதவியாளர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, வந்தவர் விட்டுச் செல்லும் தடயங்கள். மின்னஞ்சலிலிருந்து வெளியேறாமல் எழுந்து போவார்கள். கடவுச்சொல்லை நினைவில் வைக்கட்டுமா என்று கணினி மரியாதையாகக் கேட்கும்; சரி என்று அழுத்திவிடுவார்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மருத்துவ அறிக்கை எல்லாம் பதிவிறக்கக் கோப்புறையில் அப்படியே கிடக்கும். மாலையில் கதவைப் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு கணினியிலும் அதைக் காலி செய்யுங்கள். உங்களை நம்பி வந்தவர்களின் வாழ்க்கை அந்தக் கோப்புறையில் இருக்கிறது.

பார்வையற்றவர்களுக்கும் ஒரு மேசை வேண்டும். திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. தேவை ஒரு ஹெட்போனும், அதைக் கற்று வைத்திருக்கும் ஓர் உதவியாளரும்.

உங்களில் பலர் திட்ட அறிக்கை எழுதப் போகிறீர்கள். அந்தப் பட்டியல்களை நானும் எழுதியிருக்கிறேன். கணினி, மின்கலம், அச்சுப்பொறி, குளிர்சாதனம் என்று போய், கடைசி வரியில் "பயிற்சி: இரண்டு நாள்" என்று முடியும். இம்முறை தாளைத் தலைகீழாகத் திருப்பி எழுதுங்கள். முதல் வரியில் உதவியாளர் இருவர், அவர்களில் ஒருவராவது பெண், ஐந்து ஆண்டுக்குச் சம்பளம் என்று எழுதுங்கள். இரண்டாவது வரியில் பழுதுபார்ப்பு. மீதிப் பணத்துக்கு எத்தனை கணினி வருமோ அத்தனை போதும். இருபதுக்குப் பதில் எட்டுதான் வருகிறது என்றால் எட்டையே வாங்குங்கள். நாற்காலி பதினாறு வாங்குங்கள்.