திடீர் எக்ஸ் கதிர் வெடிப்பு: எப்படிப் பிடிக்கிறார்கள், எப்படி அடையாளம் சொல்கிறார்கள்?

அடுத்த கேள்வி. "எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றே தெரியாத எக்ஸ் கதிர் வெடிப்பை எப்படிப் பிடிக்கிறார்கள், வெடித்தது எது என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இரண்டும் வேறு வேறு வேலை.

பிடிப்பது ரொம்ப நாள் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் இருந்தது. 2008 ஜனவரி 9 அன்று அலிசியா சோடர்பெர்க் என்ற வானியலாளர், என்ஜிசி 2770 என்ற விண்மீன் திரளில் ஏற்கெனவே வெடித்திருந்த ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் செத்த விண்மீனை, எக்ஸ் கதிரைப் பார்க்கும் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே திரளில் இன்னொரு விண்மீன் அந்த நேரம் பார்த்து வெடித்து, சில நிமிடம் எக்ஸ் கதிரைக் கொட்டி அடங்கியது. ஸ்விஃப்ட் வேறு பக்கம் திரும்பியிருந்தால் அந்தத் தொடக்கக் கணம் போயே போயிருக்கும்.

எக்ஸ் கதிர் கண்ணாடியில் நேராக விழுந்தால் திரும்பாது, உரசினாற்போல் சாய்ந்து விழுந்தால்தான் திரும்பும். அதனால் வழக்கமான எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கு வானத்தில் ஒரு சின்னத் துண்டுதான் தெரியும். இதற்கு வழி சிங்கி இறாலின் கண்ணில் இருந்தது! அதன் கண்ணில் லென்ஸ் கிடையாது, நுண்ணிய சதுரக் குழாய்கள்தான், அவற்றின் சுவரில் பட்டு ஒளி குவியும். அந்த 2008 வெடிப்புக்குச் சரியாக 16 வருடம் கழித்து, 2024 ஜனவரி 9 அன்று சீனா ஏவிய ஐன்ஸ்டைன் ப்ரோப் என்ற செயற்கைக்கோள் இந்த முறையில்தான் பார்க்கிறது. ஒரே பார்வையில் 3600 சதுர டிகிரி, அதாவது முழு வானத்தில் கிட்டத்தட்ட பதினொன்றில் ஒரு பங்கு. எனக்கு இதைவிட அழகான கருவி வானியலில் தெரியாது.

சரி, பிடித்தாயிற்று. அப்புறம்தான் கஷ்டம். நம் பக்கத்தில் இருக்கும் செங்குள்ளன் என்ற சின்னச் சிவப்பு விண்மீன் சீறினாலும் எக்ஸ் கதிர்தான் வரும், கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு விண்மீன் செத்தாலும் எக்ஸ் கதிர்தான் வரும். எவ்வளவு பிரகாசம் என்பதை வைத்து மட்டும் தூரத்தைச் சொல்ல முடியாது. அதனால் அந்த இடத்தை உடனே உலகத்துக்குச் சொல்கிறார்கள், தரையில் இருக்கும் தொலைநோக்கிகள் அங்கே புதிதாக ஒரு ஒளிப்புள்ளி முளைத்திருக்கிறதா என்று தேடுகின்றன. 2024 மார்ச் 15 அன்று வந்த வெடிப்பில் அப்படி ஒரு புள்ளி கிடைத்தது. அதன் நிறமாலையில், 121.6 நானோமீட்டரில் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு நீண்டு நீண்டு சுமார் 712 நானோமீட்டரில் நின்றது. அண்டம் விரிந்ததால் வந்த நீட்சி இது. கணக்குப் போட்டால் அந்த ஒளி ஏறக்குறைய 1250 கோடி ஆண்டு பயணம் செய்து வந்திருக்கிறது. அதே இடத்திலிருந்து காமா கதிரும் வந்தது, ஆனால் எக்ஸ் கதிர் தொடங்கி ஆறு நிமிடம் கழித்து. ஆக, இது ஒரு காமா கதிர் வெடிப்பு, அதாவது வெகு தூரத்தில் நடந்து காமா கதிரைக் கொட்டும் மிகப் பெரிய வெடிப்பு என்று முடிவானது.

ஒளிப்புள்ளி கிடைக்காத வெடிப்புகளும் உண்டு. அதில் தூரமே தெரியாது, தூரம் தெரியாமல் எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிட முடியாது, பெயர் வைத்து நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். வெடிப்பு வந்த இடத்தை உலகத்துக்குச் சொல்லும் அறிவிப்புகள் நாசாவின் ஜிசிஎன் (GCN) என்ற இணையதளத்தில் எல்லோருக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன, கேள்வி கேட்ட நேயர் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.